களைத்துப்போன பெண்மணியும் கைதான பிள்ளைகளும்

1965 செப்டம்பரில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் அமெரிக்காவின் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் கொண்டுவந்த சிறார் நூல்கள் 5,206. எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது தலைகாட்டியவை 349. நூற்றுக்கு ஏழுகூடத் தேறவில்லை. பர்மிங்ஹாம் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகள் கைதானதும், வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் திரண்டதும், குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியதும் இதே மூன்றாண்டுகளில்தான்.

அதற்கு முன் யாருமே முயலவில்லை என்று சொல்ல முடியாது. கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1920 ஜனவரியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே ‘தி பிரௌனீஸ் புக்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். ஜெஸ்ஸி ஃபாசெட் இலக்கியப் பொறுப்பை ஏற்றார். லாங்ஸ்டன் ஹியூஸின் தொடக்ககாலக் கவிதைகள் அதில்தான் வெளியாயின. 24 இதழ்களோடு 1921 இறுதியில் அது நின்றுபோனது. 1958இல் கார்த் வில்லியம்ஸ் ஒரு கறுப்பு முயலுக்கும் வெள்ளை முயலுக்கும் கல்யாணம் செய்துவைத்துப் படநூல் வரைந்தார். மறு ஆண்டே அலபாமா அரசியல்வாதிகள் அதை நூலகங்களிலிருந்து அகற்றச் சொல்லிக் கொதித்தார்கள். எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ 1963இல் கால்டெகாட் பதக்கம் பெற்றது. பனியில் விளையாடும் கறுப்பினச் சிறுவன் அதன் நாயகன். அவன் நிறத்தைப் பற்றி நூலில் ஒரு சொல்கூடக் கிடையாது. அது துணிவா தயக்கமா என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது.

1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு உரிமைப் போராட்டமே நூல்களின் பொருளானது. அவருடைய மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் பெயரிலான விருது 1970இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. பெற்றவர் லில்லி பேட்டர்சன். நூல் கிங்கின் வாழ்க்கை வரலாறு. அந்தத் தடத்தில் எத்தனையோ கிங் நூல்கள் வந்தன. டோரீன் ராப்பபோர்ட் எழுதி பிரையன் காலியர் படம் வரைந்த ‘மார்ட்டின்ஸ் பிக் வேர்ட்ஸ்’ (2001) அவற்றில் அழகானது. முன்னட்டையில் தலைப்பே இல்லை; கிங்கின் முகம் மட்டும். அந்த அட்டை இவ்வகை நூல்களின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. குழந்தைக்கு ஒரு முகம் மனத்தில் பதிகிறது; அந்த முகத்துக்குப் பின்னால் நின்ற ஆயிரம் பேர் பதிவதில்லை.

இந்தக் குறை மிகுதியாகத் தெரிவது ரோசா பார்க்ஸ் கதையில். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையற்காரப் பெண்மணி பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தார், உடனே ஊரே திரண்டது என்பதுதான் பள்ளிப் புத்தகங்கள் வெகுகாலம் சொன்ன கதை. ஹெர்பர்ட் கோல் என்ற கல்வியாளர் இந்த வகைக் கதைகளை அலசி, போராட்டத்துக்குப் பின்னிருந்த ஏற்பாட்டை இவை மறைத்துவிடுகின்றன என்று காட்டினார். பார்க்ஸ் மான்ட்கோமரியில் உரிமைச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். 1955 கோடையில், போராளிகளைப் பயிற்றுவித்த ஹைலேண்டர் பள்ளிக்குச் சென்று பயிற்சி பெற்றவர். உடல் களைப்பு காரணமில்லை என்பதை இளையோருக்கு எழுதிய தன்வரலாற்றில் (1992) அவரே தெளிவாக்கினார். பேருந்துப் புறக்கணிப்புக்கான துண்டறிக்கைகளை ஜோ ஆன் ராபின்சனும் துணைநின்றவர்களும் இரவோடிரவாக அச்சடித்தார்கள். பேருந்து ஏறாமல் மக்கள் தாக்குப்பிடித்தது 381 நாள். இத்தனையையும் ஒரு களைப்பில் அடக்கிவிட்டால், ஏற்பாடு இல்லாமலே நியாயம் கிடைத்துவிடும் என்றுதான் பிள்ளைகள் நம்புவார்கள்.

ஃபிலிப் ஹூஸ் எழுதிய ‘கிளாடெட் கால்வின்: ட்வைஸ் டுவர்ட் ஜஸ்டிஸ்’ (2009) இதற்கு மாற்று மருந்து. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2 அன்று, அதே ஊரில் அதே காரணத்துக்காகக் கைதான 15 வயது மாணவி கால்வின். அவளை முன்னிறுத்தத் தலைவர்கள் தயங்கியதையும், வயதும் வர்க்கமும் பின்னர் வந்த கர்ப்பமும் அந்தத் தயக்கத்தில் கலந்திருந்ததையும் நூல் ஒளிக்கவில்லை. பேருந்துப் பாகுபாட்டை ஒழித்த வழக்கில் வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி. தன் பக்கத்துத் தலைவர்களின் குறையையும் இளைய வாசகர் தாங்குவார்கள் என்று ஹூஸ் நம்பினார். தேசிய நூல் விருது கிடைத்தது.

பிள்ளைகளே போராளிகளாக வரும் நூல்களை இந்தத் துறையின் செல்வம் என்பேன். 1963 மே மாதத்தில் பர்மிங்ஹாமில் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி, நாய்களுக்கும் தண்ணீர்ப் பீரங்கிகளுக்கும் நேரே நடந்தார்கள். சிந்தியா லெவின்சன் ‘வீவ் காட் எ ஜாப்’ (2012) நூலில் அவர்களில் நால்வரைப் பின்தொடர்கிறார். அவர்களில் ஒருத்தியான ஒன்பது வயது ஆட்ரி ஃபே ஹெண்ட்ரிக்ஸ் ஒரு வாரம் சிறையிலிருந்த கதையைத் தனிப் படநூலாகவும் எழுதினார். இன்னொரு சிறுமி ரூபி பிரிட்ஜஸ். ஆறு வயதில், 1960 நவம்பரில், மத்திய அரசுக் காவலர்கள் சூழ நியூ ஆர்லியன்ஸின் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தவள். மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் எழுதிய படநூல் (1995) எதிர்த்தவர்களை மன்னிக்கச் சொல்லும் அவளுடைய பிரார்த்தனையில் மனம் லயிக்கிறது. வளர்ந்தபின் ரூபியே எழுதிய ‘த்ரூ மை ஐஸ்’ (1999) அப்பா வேலை இழந்ததையும், குத்தகைக்கு உழுத நிலத்தைவிட்டுத் தாத்தா பாட்டி போக நேர்ந்ததையும் சொல்கிறது. மன்னிப்பைச் சொல்லும் நூலோடு இழப்பைச் சொல்லும் நூலையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

கற்பனைக் கதைகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே 2001இல் வந்தவை. ஜாக்குலின் வுட்சனின் ‘தி அதர் சைட்’ நூலில், கறுப்பினச் சிறுமியும் வெள்ளையினச் சிறுமியும் தங்களைப் பிரிக்கும் வேலியின் மீதே சேர்ந்து உட்காருகிறார்கள். மனத்துக்கு இதமான காட்சி. வேலியைப் போட்டவர்கள் யார் என்பது மட்டும் தெரியாது. டெபரா வைல்ஸின் ‘ஃப்ரீடம் சம்மர்’ அதைச் சொல்லிவிடுகிறது. 1964இன் குடிமை உரிமைச் சட்டம் வந்ததும், இனி ஊர் நீச்சல்குளத்தில் சேர்ந்து குளிக்கலாம் என்று நண்பர்கள் இருவர் ஓடுகிறார்கள். அங்கே குளத்தைத் தார் கொட்டி மூடிக்கொண்டிருக்கிறார்கள். கொட்டும் கூலியாட்களில் கறுப்பினச் சிறுவனின் அண்ணனும் ஒருவன். சட்டம், அதிகாரம், வயிற்றுப்பாடு மூன்றும் அந்த ஒரு காட்சியில் தெரிகின்றன.

வடிவத்தில் பெரிய பாய்ச்சல் காமிக்ஸில் நிகழ்ந்தது. மான்ட்கோமரி போராட்டத்தை விளக்கி 1957இல் பத்து சென்ட் விலையில் ஒரு காமிக்ஸ் வந்தது. அகிம்சைப் போராட்ட முறையை அது படிப்படியாகச் சொல்லித் தந்தது. காந்தியும் அதில் வருகிறார். அந்த வழியில், போராட்டத்தில் பங்கேற்ற ஜான் லூயிஸும் ஆண்ட்ரூ அய்டின், நேட் பவல் இருவரும் ‘மார்ச்’ என்ற கிராஃபிக் நூலை மூன்று பாகமாகக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் பாகம் 2016இல் தேசிய நூல் விருது பெற்றது. அடியையும் வசவையும் வாங்கிப் பழக மாணவர்கள் ஒத்திகை பார்க்கும் பக்கங்களே அதன் உயிர். ஒத்திகை நடத்திய ஜேம்ஸ் லாசன் நாக்பூரில் தங்கியிருந்தபோது காந்திய முறையைக் கற்றவர். சென்னையின் தாரா புக்ஸ் 2010இல் வெளியிட்ட கிங் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். எழுதியவர் ஆர்தர் ஃப்ளவர்ஸ். வரைந்தவர் மனு சித்ரகார். சுருள்படம் விரித்துப் பாடிக் கதைசொல்லும் வங்கப் பட்டுவா மரபினர்.

உண்மை சொல்லும் நூல்களுக்கு எதிர்ப்பும் வருகிறது. 2021இல் டென்னசியில் ஒரு பெற்றோர் அமைப்பு, ரூபி தன் கதையை இளம் பிள்ளைகளுக்கு எழுதிய நூலையே பாடத்திலிருந்து நீக்கக் கோரியது. மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளின் பள்ளி உரிமை வழக்கைச் சொல்லும் டன்கன் டொனாட்டியூவின் ‘செபரேட் இஸ் நெவர் ஈக்வல்’ நூலும் புகாரில் இருந்தது. மாநிலக் கல்வித்துறை அந்தப் புகாரை விசாரணைக்கு ஏற்கவில்லை.

இன்னும் நிரப்ப வேண்டிய இடங்கள் உண்டு. பெரும்பாலான நூல்கள் பேருந்து, பள்ளி, வாக்குரிமையோடு நின்றுவிடுகின்றன. கூலியும் குடியிருப்பும் வடமாநிலங்களின் பாகுபாடும் அரிதாகவே வருகின்றன. மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சொன்ன ஆலிஸ் ஃபே டங்கன் (2018), 1921 துல்சா படுகொலையைச் சொன்ன கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் (2021) போன்றோர் அந்த வட்டத்துக்கு வெளியே வழியைத் திறந்திருக்கிறார்கள்.

இந்த நூல்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியரும் நூலகரும் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேட்கட்டும்: அநியாயத்தைச் செய்தவர் யார்? எதிர்த்தவர்கள் எப்படித் திட்டமிட்டார்கள்? அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லாத நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி நூல்தான். பள்ளிக்கு இரண்டு மட்டுமே வாங்க முடியுமென்றால், சின்னவர்களுக்கு ‘ஃப்ரீடம் சம்மர்’, பெரியவர்களுக்கு ‘கிளாடெட் கால்வின்’ வாங்குங்கள்.