நெல்லும் நெல் விதைப்போரும்: மருத்துவ ஆய்வுப் பயிற்சிக்கான அரச நிதி பற்றிய ஒரு மதிப்பீடு

ஓர் அரசு எதனை ஆராயத்தக்கதெனக் கருதுகின்றது என்பதை அதன் கொள்கைப் பிரகடனங்களிலும் பார்க்க, அது எவ்விடத்தில், யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்குகின்றது என்பதே தெளிவாகக் காட்டும். விஞ்ஞான வளர்ச்சி பற்றி இலங்கையில் நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் ஒதுக்கப்படும் தொகையின் சிறுமையைப் பற்றியனவாகவே அமைகின்றன. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு 0.1 பங்கே ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடப்படுகின்றது என்ற குறை நியாயமானதே. ஆயினும், அச்சிறு தொகை எவ்வடிவில் வழங்கப்படுகின்றது என்ற வினா அதனிலும் அடிப்படையானது. மருத்துவ ஆய்வைப் பொறுத்தவரை, பணம் திட்டங்களுக்கும் கருவிகளுக்கும் தனியாட்களுக்கும் செல்கின்றது. ஆய்வாளரைத் தொடர்ந்து உருவாக்கும் நிறுவனங்களுக்கு அவ்வுருவாக்கத்தின் பொருட்டே செல்வது அரிது. இக்குறைபாட்டின் விளைவுகளைத் தலைநகரிலிருந்து நோக்குவதிலும் பார்க்கக் கரடியனாறு போன்றதொரு கிராமத்திலிருந்து நோக்குவது பயனுடையது.

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் பிரதேசத்தில் கரடியனாறு அமைந்துள்ளது. உறுகாமக் குளம் அதற்கு அண்மையிலுள்ளது. நெற்செய்கையும் கால்நடை வளர்ப்பும் அங்குள்ள மக்களின் வாழ்வை நிருணயிப்பன. வேளாண்மை என்ற சொல் மட்டக்களப்பு வழக்கில் நெற்பயிரையும் நெற்செய்கையையுமே சிறப்பாகக் குறிக்கும் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இக்கிராமத்தின் பெயர் அரச ஆவணங்களில் இடம்பெற்றதற்கு அங்குள்ள அரசாங்க விவசாயப் பண்ணையும் விவசாயப் பயிற்சி நிலையமும் முக்கிய காரணங்களாகும். அதாவது, நெல்லுக்கும் மண்ணுக்கும் ஆய்வும் பயிற்சியும் வேண்டுமென்பதையும், அவை கொழும்பில் மாத்திரம் இருந்தாற் போதாதென்பதையும் அரசு நெடுங்காலத்துக்கு முன்னரே ஏற்றுக்கொண்டுள்ளது.

இவ்வேற்பு தற்செயலானதன்று. 1912இல் விவசாயத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1952இல் பத்தலகொடையில் மத்திய நெல்லின விருத்தி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1958இல் எச் 4 என்னும் கலப்பினமும், 1970இல் பீ.ஜீ. 11-11 என்னும் இனமும் வெளிவந்தன. அவை நாட்டின் நெல் விளைச்சலை மாற்றியமைத்தன. ஓரிடத்தில் உருவான விதை இன்னோரிடத்து நீருக்கும் நிலத்துக்கும் ஏற்றதோவென அவ்வவ்விடத்திலேயே பரீட்சிக்கப்படல் வேண்டும் என்பது இம்முயற்சிகளின் அடிப்படை விதி. அதற்கெனப் பிரதேச நிலையங்களும், அவற்றில் நிரந்தர ஊதியம் பெறும் உத்தியோகத்தரும், அவர்களைப் பயிற்றும் கூடங்களும் அமைந்தன. நெல்லுக்குப் பொருந்திய இவ்விதியை நெல் விதைப்போரின் உடலுக்குப் பொருத்திப் பார்க்க அரசு தவறியமையே இக்கட்டுரை முன்வைக்கும் குற்றச்சாட்டாகும்.

மெலியோய்டோசிஸ் என்னும் நோய் இதற்குத் தக்க சான்றாகும். சேற்றிலும் ஈரமண்ணிலும் வாழும் ஒருவகைப் பற்றீரியாவால் இது உண்டாகின்றது. மழைக்காலத்தில் வயலில் இறங்கும் கமக்காரரை, அதிலும் நீரிழிவு உடையோரை, இது எளிதிற் பற்றுகின்றது. சிலவேளை நியூமோனியாவாகவும், சிலவேளை காசநோயைப் போன்றும், சிலவேளை ஆழ்ந்த கட்டிகளாகவும் தோன்றுகின்றது. சாதாரணமாக முதலிற் கொடுக்கப்படும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் பலவற்றுக்கு இது பணிவதில்லை. உரிய மருந்து உரிய வேளையிற் கிடையாவிடின் மரணம் சம்பவிக்கலாம். இலங்கையில் இந்நோய் முதன்முதலாக 1927இல் பதிவாயிற்று. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இது இந்நாட்டில் மிக அரியதொரு நோயென்றே கருதப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குப் பின்னர் கொழும்பு மருத்துவ பீடத்து நுண்ணுயிரியலாளர் இதனைத் திட்டமிட்டுத் தேடத் தொடங்கியதும், மட்டக்களப்பு உட்படப் பல மாவட்டங்களிலிருந்து நோயாளர் கண்டறியப்பட்டனர்.

இங்கு கூர்ந்து நோக்கவேண்டியது யாதெனில், இடைப்பட்ட ஆண்டுகளில் நோய் இல்லாதிருக்கவில்லை, நோயை அடையாளங்காணும் கண்ணே இல்லாதிருந்தது என்பதாகும். ஆய்வுகூடத் தட்டில் வளரும் அப்பற்றீரியாவை வேறொரு சாதாரண நுண்ணுயிரெனவோ, தற்செயலாகக் கலந்த மாசெனவோ ஒதுக்கிவிடுதல் எளிது. அதனை ஒதுக்காது ஐயுறுவதற்குக் கருவி மட்டும் போதாது. ஐயுறப் பயின்ற மனிதர் வேண்டும். கட்டடத்தையும் கருவியையும் ஒரே வரவு செலவுத் திட்டத்திற் பெற்றுவிடலாம். பயின்ற மனிதரை அவ்வாறு பெறுதல் இயலாது. ஆய்வுப் பயிற்சிக்கு அரசு நிதியளிக்கவேண்டும் என்பதற்குரிய மிக வலுவான நியாயம் இதுவே.

இலங்கையில் மருத்துவ ஆய்வின் நிறுவன வரலாறு குறுகியதன்று. கொழும்பில் 1900ஆம் ஆண்டு பற்றீரியவியல் நிலையமாகத் தொடங்கியதே இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிலையம். அங்கு பணியாற்றிய இத்தாலியரான அல்டோ கஸ்ரெலானி 1905இல் பறங்கிநோயை விளைவிக்கும் கிருமியைக் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பு உலகப் புகழ் பெற்றது. ஆயின், ஆய்வாளர் வெளியே பயின்று வருவார், நோயாளர் உள்ளே இருப்பார், முடிவு வெளியே பிரசுரமாகும் என்னும் ஒழுங்கும் அக்காலத்திலேயே வேரூன்றியது. சுதந்திரத்தின் பின்னர் ஆட்கள் மாறினர். ஒழுங்கு அவ்வளவாக மாறவில்லை.

1968இல் தேசிய விஞ்ஞானப் பேரவை சட்டமூலம் அமைக்கப்பட்டது. அதன் வழிவந்த தேசிய விஞ்ஞான மன்றமும், பின்னர் தோன்றிய தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் ஆய்வுக்கொடைகளை வழங்கிவருகின்றன. இவற்றாற் பயன் விளையவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. ஆனால் இக்கொடைகள் பெரும்பாலும் குறித்தவொரு திட்டத்தோடு கட்டுண்டவை. திட்டத்தின் கீழ் ஓரிளைஞர் உதவியாளராகச் சேர்கிறார், மாதப்படி பெறுகிறார், பட்டப்பின் படிப்புக்குப் பதிவுசெய்கிறார். திட்டம் முடிந்ததும் அவருடைய இடமும் முடிகின்றது. மறுபுறம், 1980இல் தோன்றிய பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் மூலம் விசேட வைத்தியர்களைப் பயிற்றுவதற்கு அரசு கணிசமாகச் செலவிடுகின்றது. அவர்களுட் பலர் அரச செலவில் வெளிநாட்டுப் பயிற்சியும் பெறுகின்றனர். அது வைத்தியம் செய்வதற்கான பயிற்சி. அங்கு ஆய்வு பெரும்பாலும் தேர்வுக்குரியதொரு தேவையாகவே நின்றுவிடுகின்றது. ஆய்வையே தொழிலாகக் கொள்வோருக்கு, திட்டத்துக்கும் தேர்வுக்கும் இடையில் நிலையானதோர் இடமில்லை.

பிறநாடுகள் இதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பதை நோக்குதல் தகும். ஐக்கிய அமெரிக்காவில், வருங்காலத்தில் நன்கு சம்பாதிக்கப்போகும் விஞ்ஞானிகளைப் பொதுப்பணத்தில் ஏன் பயிற்றவேண்டும் எனக் கேட்டு, 1973இல் நிக்சன் நிருவாகம் மருத்துவ ஆய்வுப் பயிற்சிக் கொடைகளைக் கைவிட முற்பட்டது. அந்நாட்டுக் காங்கிரஸ் 1974இல் தனிச் சட்டமொன்றின் மூலம் அதற்கு விடையளித்தது. அச்சட்டத்தின்படி கொடை தனியாளுக்கு மட்டுமன்றிப் பல்கலைக்கழகத்துக்கும் வழங்கப்பட்டது. மாணவரைத் தெரிவதும் பயிற்றுவதும் அந்நிறுவனத்தின் பொறுப்பாயின. பயிற்சி பெற்றோர் ஆய்விலோ கற்பித்தலிலோ குறித்த காலம் பணியாற்றிக் கடன் தீர்க்கவேண்டுமென விதிக்கப்பட்டது. நாட்டுக்கு எத்துறையில் எத்தனை ஆய்வாளர் தேவை என்பது காலத்துக்குக் காலம் கணிக்கப்படவும் வேண்டியதாயிற்று. பணத்தின் அளவை விடுத்து இவ்வமைப்பை மட்டும் நோக்கினும் கற்கவேண்டியது உண்டு.

செல்வந்த நாட்டு உதாரணம் பொருந்தாது எனின், சென்னையை நோக்கலாம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து அங்கு காசநோய் மருந்தாய்வு நிலையமொன்றை ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கின. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த வறியோரிடையே நடந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்பது சானற்றோரியத்திற் கிடந்து சிகிச்சை பெறுவதற்கு ஏறத்தாழ நிகரானதென 1959இல் நிறுவியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை அது மாற்றியது. அதற்குச் சமமான மற்றொரு பயனும் உண்டு. திட்டம் முடிந்து பிறநாட்டு நிபுணர் விலகியபோது நிலையம் மூடப்படவில்லை. இந்திய அரசு அதனை நிரந்தர நிறுவனமாக ஏற்றது. அதுவே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஒரு வறிய நாட்டரசும், திட்டம் நிறுவனமாக மாறும் தருணத்தை இனங்கண்டு கைகொடுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இலங்கையிலும் அத்தகைய தருணங்கள் தோன்றியதுண்டு. பேராதனையில் 2004 முதல் இயங்கிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு பீடைநாசினி நஞ்சேற்றத்தையும் பாம்புக்கடியையும் ஆராய்ந்து, இலங்கையர் பலரைக் கலாநிதிப் பட்டம்வரை பயிற்றியது. அதற்கான பெரும்பணம் பிரித்தானிய வெல்கம் நிதியத்திடமிருந்தும் அவுஸ்திரேலிய அரசிடமிருந்துமே வந்தது. பீடைநாசினியும் பாம்பும் வயல்சார்ந்த மக்களின் அன்றாடப் பிரச்சினைகள். களனி மருத்துவ பீடத்தார் முன்னின்று 2012, 2013ஆம் ஆண்டுகளில் வீடுவீடாக நடத்திய தேசிய ஆய்வு, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் எனவும், 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் எனவும் மதிப்பிட்டது. நாட்டு மக்களின் இத்தகைய நோவுகளை ஆராய்வோரை உருவாக்கும் செலவைப் பிறநாட்டுப் பணம் ஏற்றது என்பது நன்றிக்குரியது. அரசு நாணவேண்டியதுமாகும்.

வெளிநாட்டு நிதி இருக்கும்போது உள்நாட்டு நிதி எதற்கு என்ற வாதத்துக்கு அண்மைக்கால நிகழ்வுகளே விடை. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தைக் கலைத்ததோடு மருத்துவ ஆய்வுக் கொடைகள் பலவற்றையும் நிறுத்தியது. உதவி பெற்ற நாடுகளின் ஆய்வுகூடங்கள் அம்முடிவில் எவ்விதப் பங்கும் வகிக்கவில்லை. இதற்கு முன்னரும் மலேரியா இப்பாடத்தைப் புகட்டியுள்ளது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்ததென்று விழிப்புத் தளர்ந்தது. 1967 தொடக்கம் 1969 வரை மலேரியா இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. மீண்டும் அரைநூற்றாண்டு உழைப்பின் பின்னரே, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. இன்று மலேரியாவை நேரிற் கண்டிராத இளம் வைத்தியர் தலைமுறையொன்று உருவாகியுள்ளது. அவர்களைப் பயிற்றிவைப்பதற்கு நோயாளர் தொகையைக் காரணங்காட்டிப் பணம் கேட்க முடியாது. நோய் இல்லாதபோதும் நீடிக்கும் நிதியே இங்கு தேவை. அத்தகைய நிதியை அரசன்றி வேறெவரும் நெடுங்காலம் தரமாட்டார்.

பயிற்றப்பட்டோர் நாட்டைவிட்டுச் செல்வர், ஆகவே பயிற்றுவது வீண் என்ற மறுப்பும் எழலாம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர் பலர் வெளியேறியமை உண்மை. ஆனால் இவ்வச்சம் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை மானிப்பாயை மையமாகக் கொண்டு பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதனை எதிர்கொண்டார். ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் உத்தியோகம் நாடிப் பிறவிடங்களுக்குச் சென்றுவிடவே, கிராமத்தில் தங்குவோரை உருவாக்கும் பொருட்டு மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்தினார். பாடநூல்களையும் தமிழாக்கினார். அச்சாதனை வியக்கத்தக்கது. ஆயின் அது ஒரு மனிதரின் ஊக்கத்திலும் ஒரு மிஷனின் ஆதரவிலும் தங்கியிருந்தமையால் அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இல் அரசு தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியோ பல்கலைக்கழகப் பீடமாக இன்றும் நிலைக்கின்றது. மக்களோடு நெருங்கியிருந்த முயற்சிக்கு அரச ஆதரவு வாய்க்கவில்லை. அரச ஆதரவு வாய்த்த நிறுவனமோ மக்களின் மொழியிலிருந்து விலகி நின்றது. இவ்விரண்டையும் இணைப்பதே இனிச் செய்யவேண்டியது.

மொழி இங்கு அலங்காரமன்று. வயலிலிருந்து வந்த ஒருவரிடம் இரத்தமாதிரி பெறுமுன் ஆய்வின் நோக்கத்தை விளக்கி அவர் சம்மதத்தைப் பெறுதல் அறம். அவர் சொல்லும் குறியை அவர் சொல்லிலேயே விளங்கிக்கொள்ளுதல் விஞ்ஞானம். காய்ச்சலுக்கும் உளைவுக்கும் ஓங்காளத்துக்கும் மக்கள் வழங்கும் சொற்களை அறியாதவர் தயாரிக்கும் வினாக்கொத்து தவறான விடையையே பெறும். எனவே ஆய்வுப் பயிற்சி மருத்துவ பீடத்துக்கு மட்டும் உரியதாகாது. சமூகவியலும் மொழியியலும் பயில்வோருக்கும் அதில் இடமுண்டு.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இற் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இன்று சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் உண்டு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் உண்டு. அங்கு ஆண்டுதோறும் குறித்த தொகையினரான ஆய்வு மாணவருக்கு நிரந்தர இடங்களை அரசு ஏற்படுத்தலாம். அவ்விடங்கள் எந்தவொரு தனித்திட்டத்துக்கும் கட்டுப்படாது பீடத்துக்கே உரியனவாதல் வேண்டும். பயிற்சியின் ஒரு பகுதி கரடியனாறு போன்ற கிராமத்து வைத்தியசாலையில், மழைக்காலமும் அறுவடைக்காலமும் அடங்க நிகழவேண்டும். பயிற்சி முடித்தோர் சில ஆண்டுகள் இம்மாகாணத்திற் பணியாற்றுதல் நிபந்தனையாகலாம். அந்நிபந்தனை நியாயமாவதற்கு அவர்களுக்குரிய பதவியும் ஆய்வுகூடமும் இங்கு இருக்கவேண்டும். பல கோடி ரூபாய்க் கட்டடமொன்றைத் திறந்துவைப்பதுபோல் இது புகழ் தராது. பலன் தெரியப் பத்தாண்டு செல்லலாம். தேர்தற் காலத்தைக் கணக்கிடும் அரசியலுக்கு அது உவப்பானதன்று.

எனினும், விதைநெல்லின் பலனுக்காகப் பல பருவங்கள் காத்திருக்க இந்நாட்டரசு ஒருகாலத்தில் அறிந்திருந்தது. ஓர் இனத்தை வெளியிடுமுன் பருவந்தோறும் விதைத்து, அறுத்து, அளந்து பார்க்கும் பொறுமைக்கு அது ஊதியம் வழங்கியது. அதே பொறுமையை அவ்வயலில் இறங்கும் மனிதரின் நோயை ஆராய்வோர் பொருட்டும் கோருதல் மிகையான கோரிக்கையன்று. அக்கோரிக்கையை மருத்துவரிடம் மட்டும் விட்டுவிடாது, கிழக்கின் கமக்காரர் அமைப்புகளும் பல்கலைக்கழகச் சமூகமும் மாகாணத்தின் மக்கட் பிரதிநிதிகளும் ஒருங்கே முன்வைத்தல் வேண்டும்.