பௌதிகமும் பரபக்கமும்

ஒரு கொள்கையை மறுக்கப் புகுவோன் முதற்கண் அக்கொள்கையைப் பழுதற எடுத்துரைத்தல் வேண்டும் என்பது நம் தருக்க நூலோர் கைக்கொண்ட மரபாகும். அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்து, பிறர் மதங்களை அவரவர் கூற்றாகவே முன்னர் நிறுத்திப் பின்னரே மறுத்தமை கற்றோர் அறிந்ததே. சமய வாதத்திற்கு வகுத்த இம்முறை, இன்று பௌதிக விஞ்ஞானத்தை மறுக்க எழுவோரின் கூற்றுக்களை அளந்தறிவதற்கும் ஏற்றதோர் அளவுகோலாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2019 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பஞ்சாப் மாநிலத்து ஜலந்தரில் இந்திய விஞ்ஞான மாநாட்டின் 106 ஆவது கூட்டம் நிகழ்ந்தது. ஆங்கே தமிழ்நாட்டினரான கண்ணன் ஜெகதள கிருஷ்ணன் என்பார், ஈர்ப்பைப் பற்றி நியூற்றனும் ஐன்ஸ்ரைனும் கூறியவை பிழையென்றும், தமது கொள்கை நிலைபெறுங்கால் ஈர்ப்பலைகள் இந்தியப் பிரதமர் பெயராலும், ஈர்ப்பினால் ஒளி வளையும் விளைவு அமைச்சர் ஒருவர் பெயராலும் வழங்கும் என்றும் உரைத்தார். விஞ்ஞானிகள் பலர் கண்டித்தனர், மாநாட்டை நடத்திய சங்கமும் கவலை தெரிவித்தது, செய்தித்தாள்கள் நகையாடின. ஆயின் நகை ஒரு மறுப்பாகாது. அன்று நகைத்தவருள் அக்கூற்று ஏன் பிழையென்று எடுத்துச் சொல்லவல்லார் எத்துணைப் பேர்?

இவ்வினா எம்மனோர்க்கு வெறும் வினாவன்று. பல்கலைக்கழகங்களுக்கு எட்ட இருந்து, வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியர்க்குப் பீடத்தில் இருப்போரைப் புறத்தே நிற்பவன் வெல்லுதல் இனிக்கும். வெல்பவன் நம்மவன் என்றாலோ அவ்வினிமை இருமடங்காம். அவ்விருப்பம் முற்றும் பழுதுடையதென்று கூறுதற்கில்லை. 1905 இல் ஐன்ஸ்ரைன் சுவிற்சர்லாந்தின் காப்புரிமை அலுவலகத்தில் ஓர் உத்தியோகத்தர். 1924 இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் அனுப்பிய கட்டுரையை அவ்வைன்ஸ்ரைனே ஜேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். எனவே, கூறுவோன் யாவன் என்று வினவுதலால் பயனில்லை. கூறப்படும் பொருளையே ஆராய்தல் வேண்டும்.

நிற்க. ஐன்ஸ்ரைனை மறுப்போன் எடுத்துரைக்க வேண்டிய பரபக்கம் யாது? புதன் கோளின் பாதை நூறாண்டுக்கு 43 விகலை அளவு கூடுதலாகத் திரும்புவது நியூற்றன் கணிதத்துள் அடங்காதிருந்தது. ஐன்ஸ்ரைன் கொள்கை அவ்வெண்ணையே தந்தது. ஞாயிற்றின் விளிம்பை ஒட்டிவரும் ஒளி 1.75 விகலை வளையும் என அது கூறிற்று. நியூற்றன் வழியிற் கணித்தால் அதிற் பாதியே கிட்டும். 1919 மே 29 இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது எடுத்த அளவுகள் ஐன்ஸ்ரைன் பக்கமே சார்ந்தன. இடங்காட்டும் செய்மதிகளின் கடிகாரங்கள் புவியிலுள்ளவற்றினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ செக்கன் விரைந்தோடுகின்றன. அதனைத் திருத்தாவிடின் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீற்றர் பிழை நேரும். கலேவெலச் சந்தியில் நின்று கைத்தொலைபேசியில் வழி பார்ப்பவனும் அத்திருத்தத்தின் பயனையே துய்க்கின்றான். புதுக்கொள்கை இவ்வெண்கள் யாவற்றையும் தானும் தருதல் வேண்டும். அதன்மேல் பழைய கொள்கையினின்றும் வேறுபடும் ஓர் எண்ணையேனும் முன்னறிவித்தல் வேண்டும். ஜலந்தர் உரைபற்றி வந்த செய்திகளில் நாம் கண்டவை பெயர்களே. எண் ஒன்றும் காணோம்.

மற்றுமொரு குற்றமும் உண்டு. ஈர்ப்பலை என்பது ஐன்ஸ்ரைன் தம் கொள்கையிலிருந்து 1916 இல் வருவித்த முடிபு. அது 2015 செப்டெம்பர் 14 ஆம் நாள், அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் இடைவெளியில் அமைந்த இரு கருவிகளிற் பதிவாயிற்று. கொள்கையைப் பொய்யென்று தள்ளிவிட்டு, அக்கொள்கை ஈன்ற பிள்ளைக்குத் தாம் பெயர்சூட்ட விழைவது தன்கோள் தானே முரணுதலன்றோ?

'விஞ்ஞானிகள் ஐன்ஸ்ரைனைத் தெய்வமாக்கிவிட்டனர். அவரை ஐயுறுவாரைச் சகியார்' என்று மறுப்பாளர் முறையிடுவதுண்டு. 1955 யூன் 20 இல் இலங்கையிற் தோன்றிய முழுச் சூரிய கிரகணமே இதற்கு விடை பகரும். 1919 ஆம் ஆண்டின் சோதனை முடிந்து 36 ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஒளிவளைவை மீண்டும் அளக்கும் நோக்குடன் வானியலார் கடல் கடந்து இத்தீவுக்கு வந்தனர். முகில் மறைத்தமையால் அவர்தம் முயற்சி பெரும்பாலும் பயனின்றி ஒழிந்தது. எனினும் தம் கொள்கை பொய்க்குமோ எனப் பார்ப்பதற்கே பொருளும் காலமும் செலவிட்டோரைக் குருட்டு நம்பிக்கையினர் என்றல் பொருந்துமா?

அதிகாரமும் பிழைபடும் என்பதை மறைத்தல் ஆகாது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற தமிழரான சந்திரசேகர், 1930 இல் 19 வயதினராய்க் கப்பலில் இங்கிலாந்து செல்லுங்கால், வெண்குறு விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்தார். செம்மையுற்ற கணிப்பின்படி அது ஞாயிற்றுத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்காகும். 1935 சனவரி 11 இல் இலண்டன் வானியற் சங்கத்தில் அவர் அதனை எடுத்துரைத்தபோது, எழுந்து எள்ளியவர் எடிங்ரன். 1919 ஆம் ஆண்டுச் சோதனையின் தலைவர் அவரே. இவ்வரலாற்றை மறுப்பாளர் தமக்குத் துணையாகக் காட்டுவர். ஆழ்ந்து நோக்கின் அது அவர்க்கு எதிர்ச்சான்றாம். சந்திரசேகர் நிலைபெற்ற பௌதிகத்தை உதறினாரல்லர். சார்புக் கொள்கையையும் குவாண்டம் கொள்கையையும் இணைத்து, அவை சென்ற இடமெல்லாம் தாமும் சென்றார். முடிபு பிடிக்காமையால் அவ்விணைப்பை மறுத்தவர் எடிங்ரனே. இளைஞர் தம் கணிதத்தை யாவரும் சோதிக்குமாறு எழுதிவைத்து உழைத்தார். 1983 இல் நோபெற் பரிசு வந்தது. அவ்வெல்லைக்கு அவர் பெயரைப் பிறரே சூட்டினர்.

இனி, ஆசிரியராகிய நாம் நம்மையும் சிறிது ஆராய்தல் தகும். நியூற்றன் விதியையும் ஐன்ஸ்ரைன் சமன்பாட்டையும் மாணவன் வேதவாக்கியம்போல் ஒப்புவித்தால் முழுப்புள்ளி இடுகின்றோம். அங்ஙனம் உரையளவையொன்றாலே பயின்றவன், நாளை உரத்த குரலுடையான் ஒருவன் வேறோர் உரை பகர்ந்தால் எதனைக் கொண்டு தெளிவான்? ஒருவர் வாக்கை விடுத்து மற்றொருவர் வாக்கைப் பற்றுவானேயன்றி, இரண்டனையும் நிறுக்கும் தராசு அவன்பால் இராது. போலி மறுப்பாளர்க்குச் செவிசாய்க்கும் கூட்டத்தை ஒருவகையில் நம் வகுப்பறைகளே உருவாக்கித் தருகின்றன.

ஆதலின் விதியைக் கூறுமிடத்து, அவ்விதி எங்கே தோற்றிருக்கக்கூடும், தோற்காது எவ்வாறு நின்றது என்பதையும் உடன் கூறுக. மறுப்புரை ஒன்று வகுப்பிற்கு வருமாயின் அதனை எள்ளற்க. பரபக்கத்தைச் சொல்லுக, எண்ணைக் காட்டுக, எது நேரின் உன் கொள்கை பொய்யாகும் என்பதை முன்னரே உரைக்க என்னும் மூன்றையும் மாணவரைக் கொண்டே கேட்பிக்க. இம்மூன்றுக்கும் விடை தருபவன் சிற்றூரிற் பிறந்தவனாயினும் அவனுக்கு அவையிடம் தருதல் நம் கடன். தராதவன் எத்துணைப் பெரிய மேடையில் நின்றாலும் அவன் சொல் ஆராய்ச்சியாகாது.