நகையும் மடனும்

அரசியல் சூழ்ச்சிக் கதைகளையும் அவற்றை நம்புவோரையும் எள்ளி நகையாடுதல் இன்று கற்றோரிடையே பெருவழக்காக உள்ளது. பொருந்தாக் கதையைக் கண்டு நகைப்பது குற்றமன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்து நகையையே முதற்கண் வைத்தார். ஆனால் எதனைக் கண்டு நகைக்கிறோம், யாரை நோக்கி நகைக்கிறோம் என்று ஆராயாத நகை திறனாய்வு ஆகாது. வெறும் இகழ்ச்சியாய் ஒழியும். இவ்வேறுபாட்டை நமக்கு அணிமையான கதையொன்றைக் கொண்டு காண்போம்.

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் முதலாக வடக்கே சபாக் பெர்ணம் வரை பரந்த தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோர்க்கு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் என்பது வெறும் வரலாற்றுப் பெயரன்று. 1943 ஜூலையில் அவர் சிங்கப்பூர் வந்து தலைமையேற்றபின், மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய ஆடவரும் பெண்டிரும் இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தனர். தாய்மார் பலர் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். 1945 ஆகஸ்டு 18ஆம் நாள் தைப்பேயில் விமானம் வீழ்ந்து நேதாஜி இறந்தார் என்ற செய்தியை அவர்களுட் பலர் ஏற்கவில்லை. 'அவர் சாகவில்லை, மறைந்திருக்கிறார், ஒருநாள் வருவார்' என்ற பேச்சு மலாயாத் தமிழரிடையே நெடுங்காலம் வழங்கிற்று. தமிழகத்தில் முத்துராமலிங்கத் தேவர் போன்ற பெருந்தலைவரும் அவர் உயிருடன் இருப்பதாகக் கூறினார்.

இக்கதையில் நகைக்கத்தக்கன உண்டோ எனின், நிரம்ப உண்டு. அவர் சைபீரியச் சிறையில் மாண்டார் என்பர் சிலர். வங்காளத்தின் சௌல்மாரி ஆசிரமத்துச் சாது அவரே என்றனர் வேறு சிலர். 1964இல் நேருவின் உடலருகே நின்ற துறவியின் படத்தைக் காட்டி, 'இவரே அவர்' என்றாரும் உளர். 1985இல் பைசாபாத்தில் மறைந்த கும்நாமி பாபா என்ற துறவியும் அவரே என்பர். 2016இல் உத்தரப் பிரதேச அரசு அமைத்த விஷ்ணு சகாய் ஆணையம் அத்துறவி நேதாஜி அல்லர் என்று முடிவு கூறிய பின்னும் அக்கதை ஓயவில்லை. சைபீரியாவில் மாண்டவர் பைசாபாத்தில் தவம் செய்தது எங்ஙனம்? கதைகள் தம்முள் முரணுவது பற்றி நம்புவோர்க்குக் கவலையில்லை. அரசு கூறியது பொய் என்ற ஒன்றே அவர்க்குப் போதும். 1897இல் பிறந்தவர் இனி வாரார் என்பது தெளிவானபின், 'வருவார்' என்ற கதை 'மறைத்தனர்' என்ற கதையாக உருமாறி இன்றும் வாழ்கின்றது.

இங்ஙனம் நம்புவோரைப் பேதையர் என்று தள்ளுவது எளிது. ஆனால் நகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியர் கூறிய நான்கனுள் பேதைமையும் மடனும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. இரண்டும் அறியாமையே அன்றோ, இருமுறை கூறியது ஏன் எனின், பேராசிரியர் உரை அவ்வையத்தைப் போக்கும். பேதைமை அறிவின்மை. மடனோ, பிறர் உணர்த்தியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றல். இவற்றிடையே உள்ள வேற்றுமை பெரிது. பேதைமை செய்தி கிட்டின் நீங்கும். மடனுடையார்க்கோ செய்திக்குக் குறைவில்லை. அவர்க்கு முதலில் உணர்த்தியவர் யார் என்று நோக்கினாலன்றி மடன் நீங்காது. நேதாஜி கதையை நம்பியோரிடம் நாம் காண்பது மடனே, பேதைமை அன்று.

தோட்டத் தமிழர்க்கு இவ்வையத்தைக் கற்பித்தவர் யார்? முதலாசிரியர் அரசுகளே. 1942 மார்ச்சில், போஸ் விமான விபத்தில் மாண்டார் என்று பிரிட்டிஷ் தரப்பிலிருந்து செய்தி பரவிற்று. காந்தியடிகள் அவர்தம் அன்னையார்க்கு இரங்கற் செய்தியும் விடுத்தார். அச்செய்தி பொய். அவ்விபத்தில் மாண்டவர்கள், தோக்கியோ மாநாட்டுக்குச் சென்ற மலாயா இந்தியர் தலைவர் நீலகண்ட ஐயர் உள்ளிட்ட பிறராவர். விமானத்தில் ஒருமுறை 'இறந்தவர்' அடுத்த ஆண்டே சிங்கப்பூர் மேடையில் நின்றார். மறுமுறை இறந்தார் என்றபோது, ஐந்து நாள் கழித்து அதனை அறிவித்தவர் ஜப்பானியர். ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் தோட்டத் தமிழரைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றவர்களும் அவர்களே. அங்குச் சென்றோருள் பல்லாயிரவர் மீளவில்லை. எங்கே, எந்நாளில் மாண்டனர் என்ற சொல்கூட வந்து சேராத குடும்பங்கள் பல. உடலைக் காணாமலும் நாளை அறியாமலும் அவர்கள் எத்தனை சாவுகளைத்தான் நம்புவர்?

பின்வந்த இந்திய அரசும் இதனை வளர்த்தது. நேதாஜி பற்றிய கோப்புகளைப் பல பத்தாண்டுகள் பூட்டி வைத்து, 2016இல்தான் பொதுமக்கள் காண வெளியிடத் தொடங்கிற்று. அவர் உறவினரை உளவுத்துறை 1948 முதல் 1968 வரை கண்காணித்த செய்தி 2015இல் வெளியாயிற்று. மறைக்க ஒன்றுமில்லையெனின் மறைத்தது ஏன் என்று கேட்பவரை நகைத்து அடக்கவியலாது.

எனினும், ஐயம் பிறந்த காரணம் நேரியது என்பதால் அதன் முடிவும் உண்மையாகி விடாது. உடன் பயணம் செய்து தீக்காயத்தோடு பிழைத்த ஹபிபுர் ரகுமானும், மருத்துவம் செய்த ஜப்பானிய மருத்துவரும் நேதாஜியின் சாவுக்குச் சான்று கூறினர். 1956இல் ஷா நவாஸ் குழுவின் பெரும்பான்மையரும், 1974இல் கோஸ்லா ஆணையமும் விபத்தையே உறுதி செய்தனர். 2005இல் முகர்ஜி ஆணையம் மாறுபட்டது. அரசு அதனை ஏற்கவில்லை. அவ்வாணையமும் அவர் உயிருடன் இருப்பதாகக் கூறவில்லை என்பது கருதத்தக்கது.

ஆகவே நம் நகை யாரைச் சாரவேண்டும்? கதையைக் கட்டி நூலாக்கி விற்போரையும், மேடைக்கு மேடை ஒரு துறவியைக் காட்டுவோரையும், பூட்டிய பெட்டிமேல் அமர்ந்து 'ஐயம் வேண்டா' என்ற ஆட்சியாளரையும் சாரட்டும். லயத்து வீட்டில் நேதாஜி படத்துக்குப் பூ வைத்த மூதாட்டியைச் சாரவேண்டா. நகை கொடுத்தவர்க்கு நகையோ கைம்மாறு?

ஆசிரியர்க்கு ஈண்டு ஒரு கடமை உண்டு. நாளை வேறொரு சூழ்ச்சிக் கதை மாணவன் வாயில் வரும். அவனை வகுப்பறையில் நகைத்தால், அவன் வாயை மூடிக்கொள்வான், கதையை விடமாட்டான். இதைச் சொன்னவர் நேரிற் கண்டவரா? இவ்விரு கூற்றும் ஒருங்கே உண்மையாதல் கூடுமா? இது பொய்யென்று காட்ட எந்தச் சான்று வந்தால் நீ ஏற்பாய்? இம்மூன்று வினாக்களையும் அவனே கேட்டுப் பழகட்டும். இறுதி வினாவுக்கு விடை சொல்லத் தெரிந்த மாணவனிடம் மடன் தங்காது.