ஓசை மிகுதியும் இசை நலனும்

ஒரு படைப்பைச் சுவைத்தோர் தம்முள் மாறுபடுவராயின், அதனை வெற்றாரவாரம் என ஒதுக்குதல் எளிது. ஆயின் அம்மாறுபாட்டிற்குக் காரணம் படைப்பில் உளதா, அது வெளிவந்த வடிவில் உளதா எனப் பகுத்துக் காண்டல் திறனாய்வாளர் கடன். இதற்கு ஏற்றதொரு சான்று, அமெரிக்க நாட்டு மெட்டாலிகா குழுவினர் 2008 செப்டம்பர் 12ஆம் நாள் வெளியிட்ட 'டெத் மேக்னெட்டிக்' என்னும் இசைத்தொகுப்பு ஆகும்.

ஹெவி மெட்டல் என்பது ராக் இசையின் ஒரு கிளை. மின்கிட்டாரின் கரகரத்த முழக்கமும், விரைந்த தாளமும், வன்மையான குரலும் அதன் இயல்புகள். அவ்விசையில் புகழ்பெற்ற மெட்டாலிகா, 1981இல் லாஸ் ஏஞ்சலசில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, லார்ஸ் உல்ரிக் என்னும் இருவரால் தோற்றுவிக்கப்பெற்றது. பல பகுதிகளாகப் பிரிந்து வளரும் நெடும்பாடல்களும், இடையே தனித்தெழும் கிட்டார் இசையும் அவர்தம் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பாகிய 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' என்பதன் சிறப்புக்கள். 2003இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' தொகுப்பிலோ தனிக்கிட்டார் இசை ஒன்றேனும் இல்லை; அதன் சிறுமுரசின் ஒலி தகரத்தைத் தட்டினாற் போன்றது எனச் சுவைஞர் பலர் மனங்கசந்தனர்.

ஐந்தாண்டு கழித்து, ரிக் ரூபின் என்பாரைத் தயாரிப்பாளராகக் கொண்டு வெளிவந்ததே 'டெத் மேக்னெட்டிக்'. பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 75 நிமிடம். கிர்க் ஹாமெட்டின் தனிக்கிட்டார் இசை மீண்டும் இடம்பெற்றது. பழைய விரைவும் திரும்பியது. அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 4,90,000 படிகள் விற்றன. எனினும், பாடல்களைப் போற்றியவருள்ளே பலர் அவற்றின் ஒலியைப் பழித்தனர். ஒலிக்கலவையைத் திருத்தி மீண்டும் வெளியிடுக என வேண்டிய விண்ணப்பத்தில் 10,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். போற்றுதலும் பழித்தலும் ஒருவரிடத்தே ஒருங்கு நிகழ்ந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

அவர் கூறிய குறை யாது? குறுந்தகட்டில் பதியும் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதனைக் கடத்தல் இயலாது. பிற தட்டுக்களினும் தம் தட்டு உரக்க ஒலித்தல் வேண்டும் என விரும்புவோர், மெல்லொலிகளையெல்லாம் அவ்வரம்பை நெருங்க உயர்த்துவர். அதனால் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் இடைப்பட்ட தொலைவு குறுகும். அதனினும் மிகுப்பின் ஒலியலைகளின் முகடுகள் வெட்டுண்டு, ஓசை சிதையும். 1990களிலிருந்து வளர்ந்துவந்த இப்போட்டியின் உச்சியில் இத்தொகுப்பு நின்றது.

இக்குறையைச் சுவைஞர் வாளா கூறினார் அல்லர், சான்று காட்டினர். இதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்னும் காணொளி விளையாட்டிலும் அந்நாளில் வெளிவந்தன. அவ்வடிவில் அந்நெருக்கம் இல்லை. இரண்டனையும் ஒலியலைப் படமாக்கி அருகருகே வைத்தபோது, ஒன்று மேடும் பள்ளமுமாகவும், மற்றொன்று செங்கற்சுவர் போன்றும் தோன்றிற்று. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியர் செயலை இது ஒத்தது. தொகுப்பின் இறுதி ஒலிச்சீரமைப்பைச் செய்த டெட் ஜென்சனும், தம்மிடம் வந்தபோதே ஒலி நெருக்கப்பட்டிருந்தது எனக் குறிப்பிட்டார்.

உல்ரிக் இதனை உடன்படவில்லை. ஒலி தமக்கு உவப்பானதே என்றார். வன்மையே இவ்விசையின் உயிர் ஆகலின், உரக்க ஒலித்தல் குற்றமாகாது என்பாரும் உளர். இக்கூற்றுப் பொருந்துவதன்று. வன்மை மென்மையை அடுத்து நின்ற வழியே வன்மையாக உணரப்படும். வாராத நாள் எனப் பொருள்படும் 'தி டே தட் நெவர் கம்ஸ்' என்னும் பாடலை நோக்குக. மெல்லிய கிட்டார் ஒலியில் தொடங்கி, படிப்படியே ஏறி, இறுதியில் விரைந்த முழக்கமாக முடிவது அதன் அமைப்பு. தொடக்கத்தையும் முடிவையும் ஏறத்தாழ ஒரே மட்டத்திற்குக் கொணர்ந்தால், ஏற்றம் என்பது எழுத்தளவில் நிற்குமேயன்றிச் செவிக்குப் புலனாகாது. தாம் அமைத்த கட்டுக்கோப்பைத் தாமே மறைத்தமைதான் குழுவினர் செய்த பிழை. ஆசிரியர் விரும்பினார் என்பது ஒரு வடிவத்தின் தோற்றத்தை விளக்குமேயன்றி, அதன் தகுதியை நிறுவாது.

எனினும் விளையாட்டு வடிவமே மூலம் எனச் சிலர் கொண்டாடியதும் மிகையே. அது விளையாட்டின் தேவைக்கென அமைந்த வேறொரு கலவை. குழுவினர் தம் தொகுப்பென்று வெளியிட்ட வடிவம் அன்று. அவ்வடிவம் குற்றத்தைக் காட்டும் சான்றாகலாம்; அதனைத் திருத்திய பதிப்பாகக் கொள்ளல் ஆகாது.

விற்பனை மிகுதியோ, பழைய பற்றோ சுவைஞரின் செவியை மூடவில்லை. அன்புடைமையும் ஆய்வுடைமையும் ஒருவரிடத்தே கூடி நிற்கலாம் என்பதை அவர் மெய்ப்பித்தனர். பாடல் வேறு, அது வெளிவந்த படி வேறு எனப் பகுத்துணர்ந்த அவர்தம் முறையீடு, பூசல் அன்று, திறனாய்வே என்க.