நொதிகலனில் வேண்டும், பாசித் தொட்டியில் வேண்டாம்

கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள்; வடமேற்கே திரும்பினால் ஆரோவில்லில் சுருள்பாசித் தொட்டிகள். விளையும்போதே அளந்து முடிவெடுப்பது இரண்டிலும் உண்டு. உப்பளத்தில் ஒரு மிதப்புமானி போதும். அந்த மானி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு விழத் தொடங்கும். உயிர் வளரும் நீருக்கு அகச்சிவப்பு நிறமாலைக் கருவி வேண்டும் என்ற வாதத்தை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

மருந்துப் புரதம் தயாராகும் நொதிகலனில் அந்த வாதம் வலுவானது. ஈ. கோலை நுண்ணுயிர் நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்திலேயே இரட்டிக்கும். சர்க்கரை மிஞ்சினால் அசிட்டேட் சேர்ந்து விளைச்சல் கெடும். மாதிரி ஆய்வகம் போய்த் திரும்புவதற்குள் நிலைமை மாறிவிடும். உற்பத்தியின்போதே அளப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் வழிகாட்டுதல் வெளியிட்டு ஊக்குவித்ததற்குக் காரணம் இருக்கிறது.

இடைஞ்சல் தண்ணீர்தான். அது அகச்சிவப்பைப் பெரிதும் விழுங்கிவிடும். புரதத்தின் முக்கியப் பட்டை 1650 அலையெண் அருகே. தண்ணீரின் பட்டையோ 1640இல் அதன்மேலேயே படுத்திருக்கிறது. நடு அகச்சிவப்பு ஆய்வுமுனைக்குத் தன் படிகத்தை ஒட்டிய ஓரிரு மைக்ரோமீட்டர்தான் தெரியும். அங்கே பாசி ஒட்டினால் கிடைப்பது அந்தப் படலத்தின் அளவு. ராமன் 1928இல் கண்ட விளைவு தண்ணீரைப் பொருட்படுத்தாது என்பார்கள். உண்மை, ஆனால் சுருள்பாசியின் நிறமிகள் ஒளிர்ந்து அந்த மெல்லிய சமிக்ஞையை மூழ்கடிக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, நிறமாலையைச் சர்க்கரை அளவாக மாற்றும் கணக்கில் இருக்கிறது. சர்க்கரை குறையக் குறையச் செல் பெருகும். ஆகவே செல்லை மட்டும் பார்த்தே கணினி சர்க்கரையை ஊகித்துவிடலாம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை விடை அழகாகப் பொருந்தும். செல் வளராமல் நின்றுபோன நாளில் தவறும். கருவி தேவைப்படுவதே அந்த நாளில்தான். சர்க்கரையைத் தனியே கூட்டிச் சோதித்துக் காட்டாத எந்த அளவுத்திருத்தத்தையும் ஏற்கக் கூடாது.

இந்தச் சோதனையில் தேறினால் நொதிகலனுக்குக் கருவி தகும். திறந்த தொட்டிக்குத் தகாது. வெயிலை நம்பி வளரும் பாசி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. அறுவடை முடிவுக்கு, பாசியின் அடர்த்தியைக் காட்டக் காலையில் அமிழ்த்தும் வெள்ளைத் தகடும், கார அளவு 10 அருகே நிற்கிறதா என்று காட்டும் மானியும், ஒரு வெப்பமானியும் போதும்.

உலர்ந்த பொடி வேறு கதை. தண்ணீர் விலகியதும் புரதமும் மிச்ச ஈரமும் அண்மை அகச்சிவப்பில் நிமிடத்தில் தெரியும். தானியத்தில் பல பத்தாண்டுகளாக நம்பகமாக நடப்பதுதான். பணத்தை அங்கே போடலாம். ஒரே கருவியைப் பல பண்ணைகள் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.