தொழிற்சொல் நூல்களும் மொழிபெயர்ப்பாளரும்: மூன்று நோக்கு நூல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

நோக்கு நூல்களைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே குறைவு. கவிதையும் புதினமும் மதிப்பிடப்படுகின்றன. அகராதியும் சொற்களஞ்சியமும் பயன்படுத்தப்படுகின்றன. பிழை கண்டால் சுட்டிக்காட்டுகிறோம். சொற்களின் எண்ணிக்கை மிகுதியாக இருப்பின் பாராட்டுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பற்றிப் பேசுவோர் அதன் 1,17,762 சொற்களை முதலில் குறிப்பிடுவது இதற்குச் சான்று. ஆனால் ஒரு நோக்கு நூலின் தன்மையை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் அமைப்பு முறையே தீர்மானிக்கிறது. அந்நூலிடம் யார் கேள்வி கேட்க முடியும், எந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்பதை வரையறுப்பது அமைப்பு முறையே. இக்கருத்தைத் தொழிற்சொற்களைத் தொகுத்த மூன்று நூல்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவை: கிரியர்சனின் 'பிகார் உழவர் வாழ்க்கை' (1885), பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் தெலுங்கு 'மாண்டலிக விருத்தி பதகோசம்' (1962, 1971), கி. ராஜநாராயணனின் 'வட்டார வழக்குச் சொல்லகராதி' (1982).

2. சிக்கல்

கைத்தறிப் பயிற்சிக்கான கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட அந்தப் படியில் இலக்கணப் பிழை இல்லை. பிறமொழிச் சொல்லும் அரிதாகவே இருந்தது. நெடுகச் செல்லும் நூலுக்கு 'நெடுக்கிழை' என்றும், குறுக்கே செல்லும் நூலுக்குக் 'குறுக்கிழை' என்றும் சொற்கள் ஆளப்பட்டிருந்தன. நெசவாளர் 'அச்சு' என்று வழங்கும் உறுப்பு, அச்சகத்தை நினைவூட்டக்கூடும் என்ற அச்சத்தால் 'இழைச்சீப்பு' ஆகியிருந்தது. 'விழுது' ஆலமரத்திற்கு உரியதென்று விலக்கப்பட்டிருந்தது.

அப்படியை நெடுநாள் தறியில் அமர்ந்த முதிய நெசவாளர் ஒருவரிடம் படித்துக் காட்டியபோது, அவர் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "சார், இது எந்த ஊர்த் தறி?" என்று வினவினார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை; வேறு வகைத் தறி ஒன்றைப் பற்றிய நூல் என்றே உண்மையாக எண்ணினார்.

மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுவது எளிது. அவர் கைக்கு எட்டிய நோக்கு நூல்களைப் பார்த்தவர்தாம். 'பாவு', 'ஊடை' ஆகிய சொற்கள் தமிழ்ப் பேரகராதியில் பொருளுடன் இடம்பெற்றுள்ளன. ஆனால் அச்சொற்களை முன்னரே அறிந்தவர்தாம் அப்பக்கங்களைத் திருப்ப முடியும். ஆங்கிலச் சொல்லிலிருந்தோ, தறியின் உறுப்பிலிருந்தோ, செய்யும் வேலையிலிருந்தோ தொடங்குபவருக்கு அப்பேரகராதியில் நுழைவாயில் இல்லை. சொல் இருந்தும் கிடைக்கவில்லை. கிடைக்காத காரணத்தால் புதுச்சொல் பிறந்தது. தேவையற்ற கலைச்சொல்லாக்கத்தில் ஒரு பகுதி இவ்வாறே நிகழ்கிறது எனலாம்.

3. தொழிற்சொல்லின் இயல்பு

புதுச்சொல்லுக்கும் வழக்குச் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு வெறும் பழக்கம் சார்ந்ததன்று. 'நெடுக்கிழை', 'குறுக்கிழை' என்பன முடிந்த துணியைக் காண்பவரின் நோக்கிலிருந்து பிறந்தவை. அவை திசையைக் கூறுகின்றன. 'பாவு' என்பது பாவுதல், அதாவது பரப்புதல் என்னும் வினையோடு தொடர்புடையது. 'ஊடை' என்பது ஊடு செல்லுதல் என்னும் கருத்தை உட்கொண்டது. கன்னட நெசவாளர் இவ்விரண்டையும் 'ஹாசு', 'ஹொக்கு' என்பர். ஹாசு பரப்புதலையும், ஹொக்கு புகுதலையும் குறிக்கும் வினைகளோடு உறவுடையன. இரு மொழிகளும் தனித்தனிச் சொற்களைக் கொண்டு ஒரே பார்வையைப் பதிவு செய்திருப்பது கருதத்தக்கது: முதலில் பரப்புவது ஒன்று, பின்னர் அதனூடே புகுவது மற்றொன்று. வேலையின் வரிசை பெயரிலேயே அமைந்துள்ளது.

எனவே, தொழிற்சொல்லைப் பொருட்பெயராக மட்டும் தொகுப்பது போதாது. அது எந்த வினைத்தொடரில் நிற்கிறது என்பதையும் காட்டுதல் வேண்டும். ஏர்க்கால், மேழி, கொழு, நுகம் என்று உறுப்புகளை அடுக்கினால் கலப்பையின் படம் கிடைக்கும். ஏர் பூட்டுதல், சால் ஓட்டுதல் முதலிய தொடர்களை அறிந்தால்தான் உழவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத இயலும். மொழிபெயர்ப்பாளருக்குத் தேவைப்படுவது இந்த வாக்கியமே.

நம் நிகண்டு மரபு பொருள்வழி அமைந்தது. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் செயற்கை வடிவப் பெயர் ஒரு தொகுதி. செயல் பற்றிய பெயர் மற்றொரு தொகுதி. கருவியும் செயலும் அங்கே பிரிந்து நிற்கின்றன. மனப்பாடம் செய்யும் புலவருக்கு இப்பகுப்பு இடையூறாக இருந்திருக்காது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அகரவரிசையைக் கொணர்ந்தபோது தேடுதல் எளிதாயிற்று. ஆயினும் பொருள்வழித் தொடர்பு பின்தள்ளப்பட்டது. இவ்விரு முறைகளுக்கும் இடையிலான இழுபறி இன்றைய தொழிற்சொல் நூல்களிலும் தொடர்கிறது.

4. கிரியர்சன்: வேலைவழி அமைப்பு

பிகாரில் ஆட்சிப் பணியில் இருந்த கிரியர்சன் 1885இல் வெளியிட்ட நூல் பெயரளவில் ஒரு பட்டியல். படிப்பதற்கோ அது தொடர் உரைநடை. எண்ணிட்ட பத்திகளில், கலப்பையில் தொடங்கி, உழவுக் கருவிகள், கைவினைஞர் கருவிகள், வண்டி, கால்நடை, நிலம், வீடு, உணவு, சடங்கு என நூல் விரிகிறது. கலப்பையின் தண்டு 'ஹரிஸ்', கொழு 'பார்' என்று கூறுவதோடு நில்லாமல், கங்கைக்கு வடக்கே என்ன பெயர், தெற்கே என்ன பெயர் என்றும் குறித்துச் செல்கிறார். நூலாசிரியர் எடுத்த ஒளிப்படங்களை அடியொற்றிய படங்களும், இறுதியில் சொல்லடைவும் உள்ளன.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனில், சொல்லை அறியாதவரும் இந்நூலிடம் கேட்கலாம். கருவியை அறிந்தவர் படத்திலிருந்தும், தொழிலை அறிந்தவர் இயலிலிருந்தும், சொல்லை மட்டும் கேட்டவர் அடைவிலிருந்தும் நுழையலாம். பின்னாளில் இந்திய மொழிக் கணக்கீட்டை நடத்திய அறிஞரின் இடவேறுபாட்டு உணர்வு இங்கேயே தலைகாட்டுகிறது.

குறைகளும் உள. ஆட்சியாளரின் பயன்பாட்டை முன்னிறுத்தி எழுந்த நூல் இது. உழவர் இதில் கேட்கப்படுபவராகவே இருக்கிறார், கேட்பவராக இல்லை. விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் அமைந்தமையால், சொற்களைத் தந்தவர்களுக்கு நூல் திரும்பச் செல்லவில்லை. நெசவாளரும் உழவரும் வாசகராகவும் இருக்கும் இன்றைய சூழலில் இக்குறையைத் தவிர்த்தே அம்முறையைப் பின்பற்ற வேண்டும்.

5. கிருஷ்ணமூர்த்தி: இடவழி அமைப்பு

ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி வெளியிட்ட பதகோசத்தின் முதல் தொகுதி (1962) உழவுச் சொற்களையும், இரண்டாம் தொகுதி (1971) கைத்தறிச் சொற்களையும் கொண்டன. இந்திய மொழியியலாளர் ஒருவர் களப்பணியின் அடிப்படையில், தம் மொழியினருக்காகத் தம் மொழியிலேயே உருவாக்கிய தொழிற்சொல் அகராதி என்ற வகையில் இதன் இடம் தனித்தது. வேறு தொழில்களுக்கான தொகுதிகள் பிற பதிப்பாசிரியர்களால் தொடரப்பட்டன. ஒரு சொல் வழங்கும் பகுதி இன்னதென்பது இங்கே சொல்லின் பொருளுக்கு இணையான தகவலாகிறது. உழவுச் சொற்களின் பரவலைக் கொண்டு தெலுங்கை நான்கு வட்டாரங்களாகப் பகுத்த முடிவு, தொழிற்சொல் மொழியியலுக்கு எத்துணை உறுதியான சான்று என்பதை நிறுவியது.

மொழிபெயர்ப்பாளரின் நோக்கில் ஒன்று கூற வேண்டும். வட்டார ஆய்வுக்கு மதிப்பு மிக்கவை இடத்திற்கு இடம் மாறும் சொற்கள். கையேடு எழுதுபவருக்கு மதிப்பு மிக்கவை பல இடங்களிலும் மாறாது நிற்கும் சொற்கள். 'படுகு', 'பேக' என்னும் சொற்களைக் கையேட்டில் ஐயமின்றி ஆளலாமா என்பதே அவருடைய கேள்வி. ஆய்வாளருக்கு வேறுபாடு விளைச்சல். மொழிபெயர்ப்பாளருக்குப் பொதுமையே விளைச்சல். ஒரே களப்பணி இரண்டையும் தரவல்லது. நூலின் அமைப்பு இரண்டிற்கும் இடம் தர வேண்டும் என்பதே நம் கருத்து.

இந்நூல் தமிழருக்கும் நேரடித் தொடர்புடையது. தமிழகத் தறிகளில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோரும் தலைமுறைகளாக நெய்து வருகின்றனர். தறியில் மொழிகள் கலந்தே வாழ்கின்றன. தமிழ் 'நாடா'வையும் தெலுங்கு 'நாடெ'யையும் தனித்தனி அகராதிகளில் அடைத்துவிட்டுத் தமிழக நெசவுச் சொற்களை முழுமையாக விளக்க இயலாது.

6. கி. ராஜநாராயணன்: வழக்குவழி அமைப்பு

1982இல் வெளிவந்த கரிசல் வட்டார அகராதி, மொழியியல் பயிற்சி பெறாத ஓர் உழவர்-எழுத்தாளர் நண்பர்களின் துணையோடு தொகுத்தது. ஒலிக்குறிப்போ, களக்குறியீடோ அதில் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் சொல்லைத் தந்தவரும் தொகுத்தவரும் ஒரே மண்ணினர் என்பதால், மற்ற இரு நூல்களுக்கும் கிட்டாத ஒரு பேறு இதற்குக் கிட்டியது: சொல் எந்தச் சூழலில், எந்தத் தொனியில் வழங்கும் என்னும் உள்ளறிவு. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் (2000), கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியும் (2007) இவ்வழியில் தொடர்ந்தன.

எனினும் இவை அகரவரிசை நூல்கள்; கதை படிக்கும்போது எதிர்ப்படும் அருஞ்சொல்லுக்குப் பொருள் காண்பவருக்கு உதவுவன. ஏற்றம் இறைப்பதைப் பற்றி எழுத வேண்டியவர் நூல் முழுவதையும் படித்துத் தமக்கெனக் குறிப்பெடுத்தே ஆக வேண்டும். பொருள்வழி அடைவு ஒன்று இணைக்கப்பட்டால், இந்நூல்களின் பயன் வாசகரிடமிருந்து எழுதுவோருக்கும் விரியும்.

7. முடிவுரை

மூன்று நூல்களும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றன. கிரியர்சனிடம் பல நுழைவாயில்கள் உள்ளன. சொல்லுக்கு உரியவர் வாசகராக இல்லை. கிருஷ்ணமூர்த்தியிடம் இடமும் முறையும் உள்ளன; பொதுவழக்கைத் தேடுபவரின் தேவை அவருடைய முதன்மை நோக்கமன்று. கி. ராஜநாராயணனிடம் உள்ளறிவு உள்ளது. வேலைவழித் தேடலுக்கு வழியில்லை. தமிழில் தொழிற்சொல் தொகுப்புகள் ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்கும் நூல், வேலையின் வரிசைப்படி இயல்களை அமைத்து, பெயரை அதன் வினையோடு சேர்த்துக் காட்டி, பொதுச்சொல் எது, வட்டாரச்சொல் எது என்று குறித்து, உறுப்புகளைப் படத்தில் எண்ணிட்டு, தமிழிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தேடும் அடைவுகளைக் கொண்டிருத்தல் வேண்டும்.

இதற்குக் காலவரம்பும் உண்டு. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, 2009-10இல் 43.31 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 2019-20இல் 35.22 இலட்சமாயிற்று. தறியை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். தறியில் வழங்கிய வினைத்தொடர்களை அவ்வாறு காக்க இயலாது. அவை வேலை செய்பவரின் வாயில் மட்டும் உள்ளன.

நாம் சரிபார்த்த கையேட்டில் பாவும் ஊடையும் இறுதியில் மீண்டும் இடம்பெற்றன. அதற்கு உதவியது அலமாரியில் இருந்த எந்த நூலும் அன்று. எந்த ஊர்த் தறி என்று கேட்ட முதியவரே. அக்கையேட்டைப் படித்து வரும் இளைஞர் அவரருகே அமர்ந்தால் இருவரும் பேசிக்கொள்ள முடியும். அவரைப் போன்றவர் அருகில் இல்லாத மொழிபெயர்ப்பாளருக்கும் அதே உதவியைச் செய்வதே தொழிற்சொல் நூலின் கடமை. அக்கடமையை நிறைவேற்றும் அளவைக் கொண்டே அத்தகைய நூல்கள் மதிப்பிடப்பட வேண்டும்.