ஒரு சிறு நூலும் ஒரு பழைய கட்டடமும்

மதுராந்தகத்துக்கு யாராவது வந்தால் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறோம். ஏரி காத்த ராமரைக் காட்டுகிறோம். வெள்ளைக்காரக் கலெக்டர் கண்ட அதிசயத்தையும் சொல்கிறோம். பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு. 1939இல் வெளிவந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தைப் படித்தவர்கள் அதனினும் குறைவு.

உண்மையிலேயே சின்னப் புஸ்தகம். நாவல் எழுதிப் பழகியவனுக்கு அதைப் படிக்கும்போது கை பரபரக்கும். கோயமுத்தூரில் படித்த காலத்தில், சக மாணவர்களுக்குத் தம் ஜாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். நானாக இருந்தால் இதை ஓர் அத்தியாயமாக்கியிருப்பேன். அவர் சில வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்.

முதலில் இதைக் குறை என்றே நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஜாதியை மறைத்து ஒதுங்கிய அந்தப் பையன்தான் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அவ்வாண்டு 3,412 பேர் கையெழுத்திட்டு லண்டனுக்கு அனுப்பிய மனு 112 அடி நீளம் என்று கணக்குச் சொல்கிறார். மனு எழுதிப் பழகிய கை அது. நடந்ததைச் சொல்லும், இரக்கம் கேட்காது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் கறுப்பு மக்கள் 1806இல் கட்டிய கூடம் ஒன்று உண்டு. 1832இல் அங்கேதான் அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்று பிறந்தது. பின்னால் அது யூதர்களின் ஜெபாலயமாயிற்று. பிறகு அதை மீட்டு, 1855இல் இருந்த தோற்றத்துக்கே கொண்டுவந்து, 2011இல் திறந்தார்கள். புது அழகு எதையும் சேர்க்கவில்லை என்பதே அந்த வேலையின் அழகு.

சீனிவாசனின் மக்கள் கூடிப் பேசியது பிறருடைய மண்டபங்களில். அவர்கள் கூடியதற்கு நம் கைக்கு எட்டும் சாட்சி இந்த நூல்தான். கிண்டியில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் மண்டபத்துக்கு மாலை போடுகிறவர்கள் நூலைத் திறக்க வேண்டாமா?

அவருடைய நடையைத் திருத்தாமல், வடமொழிச் சொற்களை மாற்றாமல், அதில் வரும் ஆட்களுக்கும் சட்டங்களுக்கும் குறிப்பு எழுதி நல்ல பதிப்பாக்கி, மதுராந்தகம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும். பழைய கட்டடத்துக்குச் செய்வதை ஒரு புஸ்தகத்துக்கும் செய்யலாம். புகழுரை என்ற சுண்ணாம்பை மட்டும் பூசாமல் இருந்தால் போதும்.